முப்பது மாத எல்லைக்கோடு: தென்கொரியாவின் அமெரிக்க மாட்டிறைச்சித் தடையும் அதனைத் தளர்த்துவதற்கான அரசதந்திர முயற்சிகளும் (2003–2008)

ஆய்வுச் சுருக்கம்

2003ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் பி.எஸ்.இ. என்னும் மாட்டு மூளைநோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதனையடுத்துப் பல நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தடை விதித்தன. அத்தடையைத் தளர்த்த அமெரிக்கா தென்கொரியாவுடன் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடத்திய பேச்சுகளை இக்கட்டுரை விளக்குகிறது. ஜப்பானுடன் நடந்த பேச்சுகள் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இறைச்சி வணிகத் தடை என்பது அறிவியல் தரம், இருதரப்பு நெறிமுறை, உள்நாட்டு மக்களின் நம்பிக்கை ஆகிய மூன்று தளங்களில் நிற்பது. முதல் இரண்டில் உடன்பாடு எட்டப்பட்டாலும் மூன்றாவது தளம் புறக்கணிக்கப்பட்டால் உடன்படிக்கை நிலைக்காது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மாட்டிறைச்சி வணிகம், பி.எஸ்.இ., தென்கொரியா, ஜப்பான், உலக வணிக அமைப்பு, மெழுகுவர்த்திப் போராட்டம், உணவுப் பாதுகாப்பு.

முன்னுரை

இரு நாடுகளுக்கு இடையிலான வணிகப் பூசல்களில் இறைச்சி தனி இடம் பெறுகிறது. இரும்பு, துணி, மின்னணுக் கருவிகள் முதலியவற்றுக்கு நாடுகள் விதிக்கும் தடைகள் பெரும்பாலும் தீர்வை வடிவில் அமைகின்றன. அவற்றைக் குறைப்பது எண்களைப் பற்றிய பேரமாக முடிந்துவிடும். இறைச்சிக்கான தடையோ பெரும்பாலும் நோய்த்தடுப்பு என்னும் பெயரில் அமைகிறது. அங்கே பேரம் பேசப்படுவது மக்கள் உடல்நலத்திற்கு நேரக்கூடிய இடரின் அளவாகும். ஓர் அரசு தன் குடிமக்கள் சார்பில் எந்த அளவு இடரை ஏற்கலாம், அதனை யாரிடம் கேட்டு ஏற்க வேண்டும் என்னும் வினாக்கள் இதனால் எழுகின்றன.

இவ்வினாக்கள் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட நிகழ்வு, 2008ஆம் ஆண்டில் தென்கொரியத் தலைநகர் சியோலில் நடந்த மெழுகுவர்த்திப் போராட்டமாகும். அதனை அமெரிக்க எதிர்ப்புணர்வின் வெளிப்பாடு என்றும், ஊடகம் கிளப்பிய அச்சத்தின் விளைவு என்றும் சுருக்கிக் கூறுவோர் உளர். இவை ஓரளவே பொருந்தும். போராட்டத்திற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் பேச்சுகளையும் அவற்றின் தொழில்நுட்ப உட்கூறுகளையும் அறிந்தாலன்றி அந்நிகழ்வை விளங்கிக்கொள்ள இயலாது. அவ்வுட்கூறுகளை வரிசைப்படுத்தி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தடையின் தொடக்கம்

2003 டிசம்பர் 23 அன்று, வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த கறவை மாடு ஒன்றுக்கு பி.எஸ்.இ. நோய் இருப்பதாகத் தெரிகிறது என்று அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. இரு நாட்களில் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் அதனை உறுதிப்படுத்தியது. அம்மாடு கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் பிறந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. கனடாவிலேயே அவ்வாண்டு மே மாதத்தில் இந்நோய் கண்டறியப்பட்டு, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் கனடா நாட்டு மாட்டிறைச்சியைத் தடை செய்திருந்தன. ஏழு மாதங்களில் அமெரிக்காவும் அதே நிலைக்கு ஆளாயிற்று.

சில நாட்களுக்குள் ஜப்பான், தென்கொரியா, மெக்சிகோ முதலிய நாடுகள் அமெரிக்க மாட்டிறைச்சிக்குக் கதவடைத்தன. அப்போது அமெரிக்க மாட்டிறைச்சியின் மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை ஜப்பான். தென்கொரியா மூன்றாம் இடத்தில் இருந்தது. 2003ஆம் ஆண்டில் தென்கொரியா வாங்கிய அமெரிக்க மாட்டிறைச்சியின் மதிப்பு ஏறத்தாழ 81 கோடி டாலர். மெக்சிகோ சில மாதங்களிலேயே தடையைத் தளர்த்தியது. கிழக்காசியச் சந்தைகள் இரண்டும் பல ஆண்டுகள் மூடியே கிடந்தன.

இதன் பொருளியல் இழப்பு இறைச்சியின் எடையோடு நிற்கவில்லை. அமெரிக்கர் விரும்பி உண்ணாத நாக்கு, குடல், விலா எலும்போடு கூடிய துண்டு ஆகியவற்றுக்குக் கிழக்காசியாவில் நல்ல விலை உண்டு. கொரியாவில் எலும்போடு சுடப்படும் கல்பி, எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து ஆக்கும் சொல்லொங்தாங், குடலைச் சுட்டு உண்ணும் கொப்சாங் ஆகியவை அன்றாட உணவுகள். ஒரு மாட்டின் ஒவ்வோர் உறுப்பும் அதற்கு அதிக விலை தரும் நாட்டிற்குச் செல்லும்போதே இறைச்சித் தொழில் முழு ஆதாயம் பெறுகிறது. நோய் அச்சம் மிகுந்த உறுப்புகளும் கொரியர் விரும்பி உண்ணும் உறுப்புகளும் அடுத்தடுத்து அமைந்திருந்தமையே பின்னர் எழுந்த சிக்கல்கள் பலவற்றுக்கு வேராயிற்று.

2. நோயும் வயதும்

பி.எஸ்.இ. நோயைக் கிருமியோ நச்சுயிரியோ உண்டாக்குவதில்லை. இயல்பு திரிந்த பிரியான் என்னும் புரதம் மூளைத் திசுவைப் பஞ்சுபோல் துளைபடச் செய்கிறது. செத்த மாடுகளின் இறைச்சித் தூளையும் எலும்புத் தூளையும் தீவனமாக மீண்டும் மாடுகளுக்கே ஊட்டிய வழக்கத்தால் இது பிரிட்டனில் பரவியது. மனிதரைத் தாக்கும் புதுவகைக் குறோய்ட்சுபெல்ட்-யாக்கோப் நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச் 20 அன்று பிரிட்டன் அரசு அறிவித்தது. சமைப்பதால் இப்புரதம் அழிவதில்லை. நோய்க்கு மருந்தும் இல்லை. நோயுற்றோர் எண்ணிக்கையில் குறைவாக இருந்தும் அச்சம் பேரளவில் பரவியதற்கு இவ்விரண்டும் காரணங்கள்.

பேச்சுகளின் மையமாக மாட்டின் வயது அமைந்ததற்கு அறிவியற் காரணம் உண்டு. தீவனத்தின் வழியே உட்புகும் பிரியான் மூளையிலும் தண்டுவடத்திலும் கண்டறியத்தக்க அளவிற்குப் பெருகப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இளம் மாட்டின் தசை இறைச்சி மிகக் குறைந்த இடர் உடையதாகக் கருதப்படுகிறது. மூளை, மண்டையோடு, கண், தண்டுவடம், முதுகெலும்பு ஆகியவை 30 மாதமும் அதற்கு மேலும் வயதுடைய மாடுகளில் 'குறித்த இடர்ப் பகுதிகள்' எனப்படும். உள்நாக்குச் சுரப்பியும் சிறுகுடலின் கடைப்பகுதியும் எல்லா வயது மாடுகளிலும் அவ்வாறே கருதப்படும். இவற்றை உணவிலிருந்து நீக்க வேண்டும் என்னும் விதியை அமெரிக்கா 2004 ஜனவரியில் கொண்டுவந்தது.

விதி தெளிவாக இருந்தாலும் அதனைச் செயற்படுத்துவதில் இடர்ப்பாடு இருந்தது. அமெரிக்கப் பண்ணைகளில் கன்றின் பிறந்த நாளைப் பதிவு செய்யும் கட்டாயம் இல்லை. எனவே கொல்களத்தில் மாட்டின் பல்வரிசையைப் பார்த்து வயது கணிக்கப்பட்டது. நிலைத்த வெட்டுப்பற்களின் இரண்டாம் இணை முளைத்திருந்தால் 30 மாதம் கடந்தது எனக் கொள்ளப்படும். பிறப்புப் பதிவேடு உள்ள நாட்டினர் ஒருவருக்கு இது போதிய சான்றாகத் தோன்றாமற் போவது வியப்பன்று.

3. பன்னாட்டு விதிகளும் அவற்றின் வரம்பும்

1995இல் உலக வணிக அமைப்பு தோன்றியபோது, மனிதர், விலங்கு, தாவரம் ஆகியவற்றின் நலம் காக்கும் நடவடிக்கைகள் பற்றிய உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு நாடு தனக்கு உகந்த பாதுகாப்பு அளவைத் தானே முடிவு செய்யலாம். எனினும் அதற்கென மேற்கொள்ளும் நடவடிக்கை அறிவியற் சான்றின் அடிப்படையில் அமைய வேண்டும். விலங்கு நோய்களைப் பொறுத்தவரை பாரிசில் இயங்கும் உலக விலங்கு நல அமைப்பின் தரங்கள் அளவுகோலாகும். அத்தரத்தினும் கடுமையான விதி வேண்டும் நாடு அதற்கான இடர் மதிப்பீட்டைக் காட்ட வேண்டும். சான்று போதாத நிலையில் தற்காலிகத் தடை விதிக்கவும் இடமுண்டு.

இவ்விதிகளைக் கொண்டு அமெரிக்கா வழக்குத் தொடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமைக்கு முந்தைய பட்டறிவு ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. வளர்ச்சி இயக்குநீர் செலுத்தப்பட்ட மாடுகளின் இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் 1989 முதல் தடை செய்திருந்தது. அதனை எதிர்த்த வழக்கில் 1998இல் அமெரிக்கா வென்றது. ஒன்றியம் தடையை நீக்கவில்லை. 1999இல் ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள்மீது அமெரிக்கா பழிவாங்கும் தீர்வை விதித்தது. அதற்கும் பயன் விளையவில்லை. இறுதியில் 2009இல், இயக்குநீர் செலுத்தாத உயர்தர மாட்டிறைச்சிக்குத் தனி ஒதுக்கீடு அளிக்கும் இணக்கம் ஏற்பட்டது. தீர்ப்பால் சந்தை திறக்கவில்லை என்பதும், மக்களின் ஏற்பின்மையை மதித்துச் செய்த மாற்று ஏற்பாடே வழி திறந்தது என்பதும் இவ்வழக்கு தரும் பாடங்கள்.

இந்தியாவுக்கும் இத்தகைய பட்டறிவு உண்டு. பறவைக் காய்ச்சலைக் காரணம் காட்டி இந்தியா விதித்த கோழி இறைச்சி இறக்குமதித் தடையை எதிர்த்து அமெரிக்கா 2012இல் வழக்குத் தொடுத்தது. இந்திய நடவடிக்கை இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் அமையவில்லை என்று 2015இல் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்பளித்தது. அப்பூசலும் தீர்ப்போடு முடியாமல், 2023இல் இரு நாடுகளும் பேசித் தீர்த்த பின்னரே ஓய்ந்தது.

4. ஜப்பான் சென்ற வழி

ஜப்பானில் 2001 செப்டம்பரில் பி.எஸ்.இ. கண்டறியப்பட்டிருந்தது. அடுத்த மாதமே, கொல்களத்திற்கு வரும் எல்லா மாடுகளையும் சோதிக்கும் முறையை அந்நாடு கொண்டுவந்தது. 2003 ஜூலையில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. இடரை மதிப்பிடுவது ஆணையத்தின் பணி. இடரை மேலாள்வது அமைச்சகங்களின் பணி எனப் பொறுப்புகள் பிரிக்கப்பட்டன.

அமெரிக்காவிடமும் ஜப்பான் முழுச் சோதனையையே முதலில் கேட்டது. அமெரிக்க அரசு, இளம் மாடுகளில் சோதனை நோயைக் காட்டாது என்பதால் அதற்கு அறிவியற் பயன் இல்லை என மறுத்தது. இதனிடையே கேன்சஸ் மாநிலத்தின் கிரீக்ஸ்டோன் ஃபார்ம்ஸ் என்னும் இறைச்சி நிறுவனம், தன் மாடுகள் அனைத்தையும் சொந்தச் செலவில் சோதித்து ஜப்பானுக்கு விற்க முன்வந்தது. வேளாண்மைத் துறை 2004இல் அனுமதி மறுத்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு நிறுவனத்திற்கு இடமளித்தால் எல்லாரும் சோதிக்க வேண்டிய நெருக்கடி வரும் என்னும் கவலை தொழில்துறையில் நிலவியது. வாங்குவோர் கேட்ட பாதுகாப்பை விற்போர் தர முன்வந்தும் அரசு தடுத்த விந்தையான நிலை இது.

பின்னர் இரு நாடுகளும் வயதை வைத்து இணக்கம் கண்டன. ஜப்பானில் 21, 23 மாத வயதுடைய இரு மாடுகளில் நோய் காணப்பட்டிருந்தது. ஆதலால் 20 மாதம் வரையிலான மாடுகளே ஏற்கத்தக்கன என்பது ஜப்பானின் நிலைப்பாடு. ஆணையத்தின் நீண்ட ஆய்வுக்குப் பின் 2005 டிசம்பர் 12 அன்று சந்தை திறந்தது. 2006 ஜனவரி 20 அன்று நரிதா வானூர்தி நிலையத்திற்கு வந்த கன்றிறைச்சியில் முதுகெலும்பு காணப்படவே மீண்டும் மூடப்பட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அமெரிக்கக் கொல்களங்களை நேரில் பார்த்த பின்னர் ஜூலை 27 அன்று இறக்குமதி மறுபடி தொடங்கியது. அமெரிக்க இறைச்சி கிடைக்காமையால் 2004 பிப்ரவரியில் மாட்டிறைச்சிச் சோற்றுக் கிண்ணம் விற்பதை நிறுத்திய யோஷினோயா உணவகங்கள், 2006 செப்டம்பரில் மீண்டும் விற்றபோது மக்கள் வரிசையில் நின்றனர். வயது எல்லை 2013இல் 30 மாதமாக உயர்ந்தது. 2019இல் முற்றிலும் நீங்கியது. தளர்வுகள் மெதுவாக வந்தாலும் ஆணையத்தின் மதிப்பீட்டை ஒட்டி வந்தமையால் ஜப்பானில் பெருங்கிளர்ச்சி எழவில்லை.

5. தென்கொரியா: எலும்புத் துணுக்கும் வணிக ஒப்பந்தமும்

தென்கொரியாவில் மாட்டிறைச்சிச் சிக்கல் தொடக்கத்திலேயே வேறொரு பெரும் பேச்சோடு பிணைக்கப்பட்டது. கட்டற்ற வணிக ஒப்பந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு முன்னர் மாட்டிறைச்சி, திரையரங்குகளில் உள்நாட்டுப் படங்களுக்கான ஒதுக்கீடு, மருந்து விலை, மகிழுந்துப் புகை விதி ஆகிய நான்கிலும் தளர்வு வேண்டும் என அமெரிக்கா எதிர்பார்த்தது. 2006 ஜனவரியில், 30 மாதத்திற்குட்பட்ட மாடுகளின் எலும்பில்லா இறைச்சியை ஏற்கக் கொரியா இசைந்தது. அம்மாதமே உள்நாட்டுப் படங்களுக்கான கட்டாய நாட்கள் 146இலிருந்து 73ஆகக் குறைக்கப்படும் என்னும் அறிவிப்பும் வந்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் ஒப்பந்தப் பேச்சு அறிவிக்கப்பட்டது. இந்நிகழ்வு வரிசையே, உடல்நலம் பேரப் பொருளாகிவிட்டது என்னும் ஐயத்தை மக்களிடம் விதைத்தது.

2006 மார்ச்சில் அலபாமா மாநிலத்தில் மேலும் ஒரு மாட்டிற்கு நோய் கண்டது. அதன் வயது பத்துக்கு மேல் எனப் பல்வரிசையைக் கொண்டு அமெரிக்கா விளக்கியது. 1997இல் தீவனத் தடை வருமுன் பிறந்த மாடு என்பதே அவ்விளக்கத்தின் உட்பொருள். இதனைச் சரிபார்த்த பின்னர் 2006 செப்டம்பரில் கொரியா இறக்குமதிக்கு இசைவளித்தது. ஏறத்தாழ 9 டன் எடையுள்ள முதற் சரக்கு ஊடுகதிர்க் கருவியால் ஆராயப்பட்டபோது சிறு எலும்புத் துணுக்கு ஒன்று தென்பட்டது. முழுச் சரக்கும் மறுக்கப்பட்டது. அடுத்து வந்த இரு சரக்குகளுக்கும் அதே கதி நேர்ந்தது.

இதில் இரு தரப்பும் தத்தம் நோக்கில் சரியாகவே பேசின. இளம் மாட்டின் எலும்புத் துணுக்கால் நோய் வாராது என்றது அமெரிக்கா. எலும்பில்லாதது என்று எழுதிக் கையொப்பமிட்ட பின்னர் எலும்பு இருப்பது நெறிமுறை மீறல் என்றது கொரியா. முன்னது இடரைப் பற்றிய வாதம். பின்னது நம்பகத்தைப் பற்றிய வாதம். எலும்பையே தவிர்க்க இயலாத தொழிற்கூடம் தண்டுவடத்தைத் தவறாது நீக்கும் என எவ்வாறு நம்புவது என்று கொரியர் கேட்டனர். நடைமுறையில் மனிதரால் நேரும் பிழைகளும் இடரின் பகுதியே என்பதை உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு இயக்குநீர் வழக்கில் ஏற்றிருந்தது இங்கு நினைக்கத்தக்கது.

2007 மே மாதத்தில் உலக விலங்கு நல அமைப்பு அமெரிக்காவை 'கட்டுப்படுத்தப்பட்ட இடர்' உடைய நாடு என வகைப்படுத்தியது. இடர்ப் பகுதிகளை நீக்கினால் எவ்வயது மாட்டின் இறைச்சியும் விற்கத்தக்கது என்பது இதன் பொருள். அதற்குச் சற்று முன்னர், அவ்வமைப்பின் பரிந்துரையை மதிப்பதாகக் குடியரசுத் தலைவர் ரோ மூ-ஹியூன் உறுதியளித்திருந்தார். கட்டற்ற வணிக ஒப்பந்தம் ஜூன் 30 அன்று கையொப்பமாயிற்று. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் வந்த சரக்குகளில் முதுகெலும்பு காணப்படவே இறக்குமதி மறுபடியும் நின்றது. மாட்டிறைச்சிச் சந்தை முழுமையாகத் திறவாமல் ஒப்பந்தம் நிறைவேறாது என அமெரிக்க மேலவையின் நிதிக்குழுத் தலைவர், மாட்டுப் பண்ணைகள் மிகுந்த மொன்டானா மாநிலத்தவர், மேக்ஸ் பாக்கஸ் வெளிப்படையாகக் கூறிவந்தார்.

6. 2008 ஏப்ரல் உடன்படிக்கை

2008 பிப்ரவரியில் லீ மியுங்-பாக் குடியரசுத் தலைவரானார். ஏப்ரல் 18 அன்று, கேம்ப் டேவிட்டில் அவர் ஜார்ஜ் புஷ்ஷைச் சந்திக்கச் சில மணி நேரமே இருந்த நிலையில், மாட்டிறைச்சி உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 30 மாதத்திற்குட்பட்ட மாடுகளின் எலும்போடு கூடிய இறைச்சி அனுமதிக்கப்படும். அமெரிக்கா கடுமையான தீவன விதியை அரசிதழில் வெளியிட்டதும் 30 மாதத்திற்கு மேற்பட்டவையும் அனுமதிக்கப்படும். அமெரிக்காவில் மீண்டும் நோய் கண்டாலும், உலக விலங்கு நல அமைப்பு அந்நாட்டின் வகையைத் தாழ்த்தினாலன்றி இறக்குமதியை நிறுத்தக் கொரியாவால் இயலாது.

பன்னாட்டுத் தரத்தின்படி நோக்கினால் இவ்வுடன்படிக்கையில் குற்றம் காண்பது அரிது. அது முடிவெய்திய முறையே குறையுடையது. ஜப்பானில் ஆணையம் பல மாதங்கள் ஆராய்ந்து வெளியிட்டதைக் கொரியாவில் பேச்சாளர் குழு ஒன்று சில நாட்களில் முடித்தது. சந்திப்பின் நாளும் அறிவிப்பின் நாளும் ஒன்றாக அமைந்தமை, இது விருந்தினர் கொண்டுசென்ற கையுறையோ என்னும் எண்ணத்தை உண்டாக்கியது.

மொழிபெயர்ப்புப் பிழை ஒன்றும் இதனோடு சேர்ந்தது. ஏப்ரல் 25 அன்று அமெரிக்கா வெளியிட்ட தீவன விதியில், ஆய்வில் தேறாத மாடுகளேயாயினும் 30 மாதத்திற்குட்பட்டவற்றின் மூளையையும் தண்டுவடத்தையும் தீவனத்தில் சேர்க்க விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கொரிய அரசு இதனை நேர்மாறாகப் புரிந்துகொண்டு, அத்தகைய மாடுகளும் தீவனத்திலிருந்து விலக்கப்படும் என மக்களுக்கு விளக்கியது. பிழை மே மாதத்தில் வெளிப்பட்டபோது அரசு ஒப்புக்கொண்டது. விதி கடுமையானால் சந்தை திறக்கும் என்று ஒப்புக்கொண்டோர், அவ்விதியையே சரியாகப் படிக்கவில்லை என்பது மக்கள் நம்பிக்கையைப் பெரிதும் குலைத்தது.

7. மெழுகுவர்த்திப் போராட்டம்

ஏப்ரல் 29 அன்று எம்.பி.சி. தொலைக்காட்சியின் 'பி.டி. நோட்புக்' நிகழ்ச்சி அமெரிக்க மாட்டிறைச்சியின் இடர் குறித்து ஒளிபரப்பியது. நிற்க இயலாத மாடுகளைக் கொல்களத்திற்கு இழுத்துச் செல்லும் காட்சிகளும், கொரியரின் மரபணு அமைப்பு இந்நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் என்னும் கூற்றும் அதில் இடம்பெற்றன. அக்கூற்று மிகைப்படுத்தப்பட்டது என்பதில் ஐயமில்லை. நிகழ்ச்சியின் சில பகுதிகள் உண்மைக்கு மாறானவை எனக் கண்ட உச்ச நீதிமன்றம், பொதுநலன் சார்ந்த செய்தி என்பதால் தயாரிப்பாளர்களை அவதூறுக் குற்றத்திலிருந்து 2011இல் விடுவித்தது.

மே 2 அன்று சியோலில் முதல் மெழுகுவர்த்திக் கூட்டம் நடந்தது. அதனைத் தொடங்கி வைத்தோரில் பள்ளி மாணவியர் மிகுதி. அவர்களது கவலை எளியது: பள்ளி உணவில் எந்த இறைச்சி இடப்படுகிறது என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விலை மலிவான இறைச்சி முதலில் சென்றடைவது பள்ளி, படைமுகாம், மருத்துவமனை ஆகிய பொதுச் சமையற்கூடங்களையே. 'விரும்பாதோர் வாங்காதிருக்கலாம்' என்னும் சந்தை வாதம் இவர்களுக்குப் பொருந்தவில்லை.

1987 மக்களாட்சிப் போராட்டத்தின் நினைவு நாளான ஜூன் 10 அன்று காவல்துறைக் கணக்கின்படியே ஏறத்தாழ 80,000 பேர் சியோலில் திரண்டனர். ஏற்பாட்டாளர்கள் பல இலட்சம் என்றனர். குடியரசுத் தலைவர் மாளிகைக்குச் செல்லும் வழியைக் காவல்துறை சரக்குப் பெட்டகங்களை அடுக்கி அடைத்தது. மக்கள் அதனை 'மியுங்-பாக் கோட்டை' என எள்ளினர். அமைச்சரவை பதவி விலக முன்வந்தது. மே 22, ஜூன் 19 ஆகிய நாட்களில் இருமுறை குடியரசுத் தலைவர் மக்களிடம் வருத்தம் தெரிவித்தார்.

8. தனியார் ஏற்பாடு என்னும் உத்தி

கொரிய அரசு இருபுறமும் நெருக்கப்பட்டது. உடன்படிக்கையை முறித்தால் அமெரிக்காவின் நம்பிக்கையையும் வணிக ஒப்பந்தத்தையும் இழக்க நேரும். காப்பாற்றினால் ஆட்சியே நிலைக்காது. பன்னாட்டுத் தரத்திற்கு மாறான வயது எல்லையை எழுத்தில் ஏற்றால் பிற நாடுகளும் அதனையே கேட்கும் என்பது அமெரிக்காவின் கவலை.

மே மாதத்தில் மடல்கள் பரிமாறப்பட்டு, மக்கள் நலம் காக்கும் நடவடிக்கை எடுக்கப் பன்னாட்டு விதிகளின்படி கொரியாவுக்கு உள்ள உரிமை உறுதிசெய்யப்பட்டது. ஜூன் மாதத்தில் கொரிய வணிக அமைச்சர் கிம் ஜொங்-ஹூன் வாஷிங்டனில் அமெரிக்க வணிகப் பேராளர் சூசன் சுவாபுடன் பல நாட்கள் பேசினார். ஜூன் 21 அன்று அறிவிக்கப்பட்ட தீர்வு நுட்பமானது. அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கையின் அடிப்படை மாறவில்லை. அதன்மேல், 30 மாதத்திற்குட்பட்ட இறைச்சியையே வாங்குவோம் எனக் கொரிய இறக்குமதியாளரும், அதனையே அனுப்புவோம் என அமெரிக்க ஏற்றுமதியாளரும் தாமாக இசைந்தனர். வயது வரம்பு பின்பற்றப்படுவதை அமெரிக்க வேளாண்மைத் துறை சான்றளிக்கும். சான்றில்லாத சரக்கைக் கொரியா திருப்பி அனுப்பும். கொரிய நுகர்வோரின் நம்பிக்கை மேம்படும் வரை இவ்விடைக்கால ஏற்பாடு தொடரும் என்று எழுதப்பட்டது. ஜூன் 26 அன்று இறக்குமதி விதிகள் அரசிதழில் வெளியாயின.

தன்னார்வ ஏற்பாடு என்பதால் அமெரிக்கா தன் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை. அரசின் சான்று கட்டாயம் என்பதால் கொரியா தன் மக்களுக்கு உறுதி அளிக்க முடிந்தது. ஏற்பாட்டின் முடிவு நாளை அறிவியல் குழுவோ பன்னாட்டு அமைப்போ குறிக்கவில்லை. நுகர்வோரின் நம்பிக்கையே அதனைக் குறித்தது. நம்பிக்கை என்னும் அளவிட இயலாத ஒன்று வணிக ஆவணத்தில் நிபந்தனையாக இடம்பெற்றமையே இவ்வேற்பாட்டின் சிறப்பு எனலாம்.

9. பிந்தைய விளைவுகள்

அவ்வாண்டே தென்கொரியா விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, நோய் கண்ட நாடுகளின் மாட்டிறைச்சி இறக்குமதியில் தேசிய மன்றத்திற்கும் பங்களித்தது. இறக்குமதி விதிகளை எதிர்த்துப் பல்லாயிரக்கணக்கானோர் தொடுத்த முறையீட்டை அரசியலமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பரில் ஏற்க மறுத்தது. 2012 ஏப்ரலில் கலிபோர்னியாவில் நோய் கண்டபோது, கொரிய அரசு இறக்குமதியை நிறுத்தாமல் ஆய்வை மட்டும் மிகுவித்தது. சில விற்பனை நிலையங்கள் தாமாகவே விற்பனையை நிறுத்திவைத்தன.

வணிகமோ பெரிதும் வளர்ந்தது. 2012 மார்ச் 15 அன்று கட்டற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. 40 விழுக்காடாக இருந்த மாட்டிறைச்சித் தீர்வை 15 ஆண்டுப் படிநிலைகளில் நீங்குமாறு வகுக்கப்பட்டது. 2022இல் தென்கொரியா வாங்கிய அமெரிக்க மாட்டிறைச்சியின் மதிப்பு ஏறத்தாழ 270 கோடி டாலர். ஒரு காலத்தில் வீதிகளில் எதிர்க்கப்பட்ட பொருளுக்கு அந்நாடே முதன்மையான சந்தையாயிற்று. 30 மாத எல்லை மட்டும் நீங்கவில்லை. அது இன்னும் நீடிப்பதை அமெரிக்க வணிகப் பேராளரின் 2025ஆம் ஆண்டு அறிக்கையும் தடையாகவே பட்டியலிட்டது. அவ்வாண்டு ஜூலையில் நடந்த தீர்வைப் பேச்சிலும் அரிசி, மாட்டிறைச்சிச் சந்தைகளை மேலும் திறக்கவில்லை எனக் கொரிய அரசு தன் மக்களுக்கு அறிவித்தது.

முடிவுரை

இவ்வாய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, பன்னாட்டு அறிவியல் தரம் தடையைத் தளர்த்தத் தேவையானது, எனினும் போதுமானதன்று. தரம் இடரின் அளவைக் கூறும். அவ்விடரை ஏற்பதா என்பதை மக்களே முடிவு செய்கின்றனர். இரண்டாவது, உடல்நலப் பேச்சை வேறு பேரங்களோடு பிணைப்பது விரைவு தரும். அவ்விரைவே ஐயத்திற்கும் இடந்தரும். ஜப்பான் 20 மாதத்திலிருந்து எல்லையின்மை வரை செல்ல 13 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஆனால் பின்வாங்க நேரவில்லை. தென்கொரியா ஒரே நாளில் எல்லையை நீக்க முயன்றது. அவ்வெல்லை இன்றுவரை நீங்கவில்லை. மூன்றாவது, எல்லை இருக்கும்போதே வணிகம் முன்னிலும் மும்மடங்குக்கு மேல் பெருகியமை, மக்களின் கவலைக்கு இடமளிக்கும் தடை வணிகத்திற்குப் பகையாக வேண்டியதில்லை என்பதைக் காட்டுகிறது. அச்சம் மிகையானதாக இருக்கலாம். ஆயினும் தாம் உண்பதைப் பற்றித் தம்மைக் கேட்க வேண்டும் என்னும் மக்களின் கோரிக்கை மிகையானதன்று. அதனை ஏற்றுக்கொண்ட ஏற்பாடே இங்கு நிலைத்து நிற்கிறது.